உதட்டுக் கொப்புளம் ஏன் அதே இடத்தில் வருகிறது?

முதலில் உதட்டோரம் ஒரு குறுகுறுப்பு, லேசான எரிச்சல். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் அங்கே கடுகு கடுகாய் நாலைந்து நீர்க்கொப்புளங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். உடைந்து, பொருக்குத் தட்டி, பத்து நாளுக்குள் தழும்பில்லாமல் ஆறிவிடும். சில மாதம் கழித்து ஒரு காய்ச்சலோ கடும் வெயிலோ போதும், மறுபடியும் அதே ஓரம்.

இதற்குக் காரணமான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸுக்குத் தோல் வெறும் வாசல்தான். முதல் தொற்றின்போது தோலில் பெருகிவிட்டு, அங்கே வந்து முடிகிற உணர்வு நரம்பின் நுனிக்குள் அது புகுந்துகொள்கிறது. நரம்பிழை வழியே பின்னோக்கிப் போய், நரம்பு செல்கள் கூடியிருக்கும் முடிச்சில் தங்குகிறது. உதட்டுக் கொப்புளம் என்றால் அந்த முடிச்சு மண்டையோட்டின் அடியில் இருக்கும். பிறப்புறுப்புத் தொற்று என்றால் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில். அங்கே தன் மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிடக்கும். புதிய வைரஸ்கள் உருவாவதில்லை. அதனால் உடலின் எதிர்ப்புப் படையால் அதை அங்கிருந்து துடைத்தெறிய முடிவதில்லை. விழித்தால், வந்த நரம்பு வழியாகவே கீழிறங்குகிறது. புண் இடம் மாறாததற்குக் காரணம் அதுதான்.

மாத்திரை சாப்பிட்டும் ஏன் திரும்ப வருகிறது என்று பலர் மனம் நொந்து கேட்பார்கள். இதற்குத் தரும் அசைக்ளோவிர் என்ற மருந்து வேலை செய்யும் விதம் அழகானது. உள்ளே போகும்போது அது செயலற்ற மருந்து. வைரஸ் தன் பெருக்கத்துக்காகச் செய்துகொள்ளும் தைமிடின் கைனேஸ் என்ற நொதிதான் அதை முடுக்கிவிடுகிறது. முடுக்கிய மருந்து வைரஸின் டி.என்.ஏ. படியெடுப்பை நிறுத்துகிறது. நல்ல செல்களுக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை. ஆனால் தூங்கும் வைரஸ் அந்த நொதியைச் செய்வதில்லை, அதனால் மருந்தும் அதைத் தொடுவதில்லை. இம்மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

சின்னம்மை வைரஸும் இதே குடும்பம்தான். சிறுவயதில் அம்மை இறங்கியபின் நரம்பு முடிச்சுகளில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்து அக்கியாக எழும். ஒரு நரம்பின் எல்லைக்குள் பட்டைபோல், பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டுமே கொப்பளிக்கும். கொப்புளம் வருமுன்பே வலி தொடங்குவதும் உண்டு. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணுக்கும் ஆபத்து இருக்கலாம், அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம், பெரும்பாலும் உதட்டில் வருகிற முதல் வகை ஹெர்பிஸ் இருக்கிறது. பலருக்கும் சிறுவயதிலேயே எச்சில் வழியாகத் தொற்றியது. பாலுறவில் பரவும் இரண்டாம் வகை, 15 முதல் 49 வயதுவரை உள்ளவர்களில் 13 சதவீதம் பேரிடம். பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. புண் இல்லாத நாளிலும் வைரஸ் வெளியேறலாம். தொற்றிப் பல வருடம் கழித்து முதல் கொப்புளம் தோன்றலாம். ஆகவே இன்று தோன்றிய புண்ணை வைத்துத் துணைவரைச் சந்தேகிப்பது பெரும் அநியாயம்.

பயம் வேண்டிய இடம் வேறு. பச்சிளம் குழந்தைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். உதட்டில் புண் இருக்கும்போது குழந்தையை முத்தமிட வேண்டாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பிறப்புறுப்பில் புதிதாகப் புண் வந்தால், கூச்சப்படாமல் உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.