ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து

"உடம்புக்கு ஒன்றும் இல்லை, சும்மா ஒரு முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன், இரண்டு இடத்தில் தடித்த எழுத்தில் 'லோ' என்று வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அது தனி. ஆனால் ஒன்றுகூடத் தடிக்காமல் வந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

சோடியமோ கால்சியமோ, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரம்பு போட்டிருக்கும் அல்லவா? ஆரோக்கியமான ஆட்கள் குறைந்தது 120 பேரின் ரத்தத்தை எடுத்து, வந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழே இரண்டரை சதவீதம், மேலே இரண்டரை சதவீதம் என்று வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சும் 95 சதவீதம்தான் 'நார்மல்'. வெட்டுப்பட்ட ஆறு பேருக்கும் நோய் கிடையாது, கவனியுங்கள்!

இனி பெருக்கல்தான். ஒரு டெஸ்ட்டில் வரம்புக்குள் விழ வாய்ப்பு 0.95. இருபதிலும் விழ வேண்டுமென்றால் 0.95-ஐ இருபது தடவை பெருக்க வேண்டும், வருவது வெறும் 0.36. அதாவது நன்றாக இருக்கிற நூறு பேரில் 64 பேருக்கு எங்கேயாவது ஒரு தடித்த எழுத்து. தள்ளுபடியில் விற்கிறார்களே, அந்த 80 டெஸ்ட் பேக்கேஜ், அதில் 98 பேருக்கு. (ஹீமோகுளோபினும் சிவப்பணு எண்ணிக்கையும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். அப்புறம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் வரம்புகள் நோய் அபாயத்தைப் பார்த்து வைத்தவை, அங்கே இந்தக் கணக்கைச் சொல்லித் தப்பிக்க முடியாது.)

உடல் அளவிலும் இதே கதைதான். 1950-ல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடு 30 சதவீதத்தைச் 'சராசரி' என்று வைத்து, பத்திலும் சராசரியானவர் எத்தனை பேர் என்று தேடினார் அங்கே வேலை பார்த்த ஆய்வாளர் கில்பர்ட் டேனியல்ஸ். ஒருவர்கூட இல்லை. சராசரி ஆளுக்கென்று விமானி அறை கட்டுவதில் அர்த்தமில்லை என்றாகி, நகர்த்தக்கூடிய இருக்கைகள் வந்தன.

நம் ஊரில் பல ஆய்வகங்கள் டெஸ்ட் கிட்டோடு வரும் தாளில் உள்ள வரம்பையே அச்சடிக்கின்றன, அது எந்த நாட்டு ரத்தமோ. நம் மக்களை வைத்து வரம்பு போடுவது கவர்ச்சியில்லாத வேலை, அதற்கெல்லாம் யார் நிதி கொடுப்பார்கள்?

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வருடக்கணக்காக 0.7-லேயே நின்ற ஒருவரின் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) திடீரென்று 1.1 ஆனால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டிய விஷயம் அது, ஆனால் பல ஆய்வகங்களின் ரிப்போர்ட்டில் அந்த 1.1 வரம்புக்குள்ளேயே இருப்பதால் தடிக்காது.