ரவுட்டர்: வழிப்படுத்தியா, திசைவியா?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் ஒரு ரவுட்டர். மேசைக் கணினியும் பிரிண்டரும் அதோடு இணைந்திருந்தன. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழேயிருந்து கேபிள் இழுத்து, வெளி இணைப்புக்கென்று அதில் உள்ள 'வான்' துளையில் செருகியிருந்தார்கள். மாடி லேப்டாப்பில் இணையம் நன்றாகவே வந்தது. பிரிண்டர்தான் பட்டியலில் வரவே இல்லை. முகவரிகளைப் பார்த்தேன். பிரிண்டருக்கு 192.168.1.20, லேப்டாப்புக்கு 192.168.0.5. மூன்றாவது எண்ணே வேறு. ஒரே வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலைகள்!

மாடியில் இருந்த பெட்டியில் பழுது ஏதும் இல்லை. தன் பெயருக்குரிய வேலையை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அந்தப் பெயர் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இந்தச் சிக்கலும் புரிந்துவிடும்.

ரவுட்டர் என்ற பெயருக்கு அடி, வழியைக் குறிக்கும் 'ரூட்' என்ற ஆங்கிலச் சொல். அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் லத்தீன் மொழியின் 'ருப்தா'. 'உடைக்கப்பட்டது' என்று பொருள். காட்டையும் கல்லையும் உடைத்துத் திறந்த பாதை 'வியா ருப்தா'. நாமும் பாதை வெட்டுவது என்றுதானே சொல்கிறோம். பிரிட்டனில் இந்தக் கருவியை ரூட்டர் என்பார்கள், அமெரிக்காவில் ரவுட்டர். தச்சர்கள் மரம் குடையும் ரவுட்டர் வேறு சொல். அதன் வேர் தோண்டுவதைக் குறிக்கும்.

கணினித் துறையில் இந்தப் பெயர் முதலிலேயே நிலைத்துவிடவில்லை. இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வகுத்த 1981ஆம் ஆண்டு ஆவணமான ஆர்எஃப்சி 791, இந்தக் கருவியை 'கேட்வே' என்கிறது. 1987இல் வந்த ஆர்எஃப்சி 1009இன் தலைப்பிலும் கேட்வேதான். 1995இல் வந்த ஆர்எஃப்சி 1812இன் தலைப்பில் ரவுட்டர் ஆகிவிட்டது. பழைய பெயர் அழிந்துவிடவில்லை. உங்கள் விண்டோஸ் கணினியில் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரிக்கு எதிரே 192.168.1.1 போல ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் அது உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரிதான். நுழைவாயில் என்று அதைத் தமிழில் சொல்வது மிகப் பொருத்தம்.

சரி, ரவுட்டருக்குத் தமிழில் என்ன? வழிப்படுத்தி என்று சிலர் எழுதுகிறார்கள். திசைவி என்ற சொல்லும் இருக்கிறது. 'ரூட் என்றால் வழி, ஆகவே வழிப்படுத்திதான் சரி' என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். கருவி வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்ட பிறகு கருத்தை மாற்றிக்கொண்டேன்.

ஆற்றுப்படைப் பாடல்களில், பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வருபவனுக்கு வள்ளலின் ஊர்வரை முழு வழியையும் சொல்லிவிடுவான். எங்கே காடு வரும், எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள் என்பது வரை அதில் இருக்கும். ரவுட்டர் அப்படிச் செய்வதில்லை. வழக்கமாக அது தன்னிடம் வரும் தரவுப் பொதியின், அதாவது இணையத்தில் துண்டு துண்டாகப் போகும் தகவலில் ஒரு துண்டின், சேருமிட முகவரியைப் பார்க்கும், தன் அட்டவணையில் தேடும், அடுத்து எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை மட்டும் முடிவு செய்யும். அதன்பிறகு அடுத்த ரவுட்டரின் பாடு. ஊர் ஊராக டீக்கடையில் நிறுத்தி, 'இந்தப் பக்கம் போங்க' என்று கேட்டுக்கேட்டுப் போவது போலத்தான் பொதி போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிடைப்பது வழி அல்ல, திசை. ஆகவே திசைவி என்பதே என் தேர்வு. சொல்லவும் எளிது.

இலக்கணம் பார்ப்பவர்கள், கேள்வி, தோல்வி போல 'வி' வினையோடு சேரும், திசை பெயர்ச்சொல் ஆயிற்றே என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனாலும் கேட்டதும் பொருள் விளங்குகிறது, அது எனக்குப் போதும். திசை வடமொழியோடு தொடர்புடைய சொல் என்பாரும் உண்டு. 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று அவ்வையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அவ்வளவு காலம் நம்மோடு புழங்கிய சொல்லை எதற்கு ஒதுக்க வேண்டும்?

இனி மாடிக்கு வருவோம். நாம் ரவுட்டர் என்று வாங்கும் பெட்டிக்குள் பல கருவிகள் இருக்கின்றன. ஒரு வலைக்கும் இன்னொரு வலைக்கும் நடுவே நிற்கும் திசைவி. ஒரே வலைக்குள் கணினிகளைச் சேர்க்கும் ஸ்விட்ச். கம்பியில்லாமல் இணைப்புத் தரும் வைஃபை. முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஹெச்சிபி. வான் துளையில் கேபிள் செருகியதால் மாடிப் பெட்டி திசைவியாக நின்று, மாடியைத் தனி வலையாகப் பிரித்துவிட்டது. அக்காவுக்குத் தேவைப்பட்டது ஸ்விட்சும் வைஃபையும் மட்டுமே.

மாடிப் பெட்டிக்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்தேன். கீழே உள்ள பெட்டி அதே எண்ணை வேறு யாருக்கும் தராதபடி பார்த்துக்கொண்டேன். மாடிப் பெட்டியின் டிஹெச்சிபியை நிறுத்தினேன். அப்புறம் கேபிளை வான் துளையிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் உள்வலைக்கென்று இருக்கும் லேன் துளையில் செருகினேன். லேப்டாப்பின் வைஃபையை அணைத்து மறுபடி போட்டதும் 192.168.1.31 என்று புது முகவரி வந்தது. பிரிண்டரும் பட்டியலில் வந்து நின்றது. மாடிப் பெட்டியின் மேல் இன்னமும் ரவுட்டர் என்றே அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இப்போது திசைவி ஒன்றுதான், கீழே இருப்பது.