கச்சான் காலத்தில் ஹக்கின்டொஷ்: பேஸ்ட் மாற்றும் முன் மின் மேலாண்மையைப் பாருங்கள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கலியாண வீடியோ தொகுப்பவர்கள், ஐபோன் செயலி எழுதப் பழகும் மாணவர்கள் எனப் பலர் பாவித்த இன்டெல் லேப்டொப் ஒன்றை வாங்கி, ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் வழியாக ஆப்பிளின் மேக்ஓஎஸ் போட்டு வைத்திருக்கிறார்கள். இப்படி ஆக்கிய கணினிதான் ஹக்கின்டொஷ். திரை வந்ததும், வைஃபை பிடித்ததும், சத்தம் கேட்டதும் வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள். பிறகு ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது, பற்றரி நிற்கவில்லை என்று திருத்தக் கொண்டுவந்து, புரோசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்டை மாற்றித் தரச் சொல்கிறார்கள். அனேகமான இடங்களில் குற்றம் பேஸ்டில் இல்லை. புரோசசருக்கு எப்போது இளைப்பாறுவது என்று யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் கணினிகளில் மட்டுமே அனுமதிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே இதில் இறங்குங்கள். இன்டெல் மேக்குகளுக்கு 26ஆம் பதிப்பே கடைசி என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்தும் விட்டது. ஆகவே கையில் உள்ள லேப்டொப்பைச் சீராக்குவதில் பலன் உண்டு. இதற்கென்றே புதிதாக ஒன்றை வாங்குவதில் இல்லை.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது ஃபேன் உள்ளே இழுக்கும் காற்றே 34, 35 பாகை இருக்கும். 25 பாகை அறையில் 72இல் நிற்கும் சிப், இங்கே அதே வேலைக்கு 82ஐத் தொடும். இணையத்தில் மற்றவர் போடும் எண்களோடு உங்கள் எண்களை ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

முதலில் அளவெடுங்கள். சார்ஜரைக் கழற்றி, எல்லாச் செயலிகளையும் மூடி, ஐந்து நிமிடம் விட்டு, டெர்மினலில் பவர்மெட்ரிக்ஸ் கட்டளையை ஓட்டுங்கள். கோர் ஐ5-8250யூ போன்ற 15 வாட் புரோசசர் சும்மா இருக்கும்போது 1 முதல் 2 வாட் எடுத்தால் நலம். 5, 6 வாட் எடுத்தாலோ, வேகம் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றாலோ மின் மேலாண்மை இயங்கவில்லை. சிஸ்கன்ட்ரோல் கட்டளையில் ஆப்பிளின் புரோசசர் மின் மேலாண்மையான எக்ஸ்சிபிஎம்மின் மோட் மதிப்பைக் கேட்டால் 1 வர வேண்டும்.

1 வராவிட்டால் முதல் சந்தேகம் வன்பொருளை மேக்ஓஎஸ்ஸுக்கு விவரிக்கும் ஏசிபிஐ கோப்புகளில் (எஸ்எஸ்டிடி) ஒன்றான எஸ்எஸ்டிடி-பிளக் மீது. புரோசசரின் முதல் திரெட்டுக்கு 'பிளகின்-டைப் 1' என்ற அடையாளத்தை ஒட்டுவதுதான் அதன் வேலை. சில பயோஸில் அந்தத் திரெட்டின் பெயர் பிஆர்00, சிலவற்றில் சிபியு0. வேறொருவரின் ஈஎஃப்ஐயை (ஓப்பன்கோர் கோப்புகள் உள்ள ஃபோல்டரை) அப்படியே அள்ளிப் போட்டால் பெயர் பொருந்தாது, ஆனால் பிழைச்செய்தி ஏதும் வராது. மேக்ஓஎஸ் 12.3 முதல் இந்தக் கோப்பு இல்லாமலும் எக்ஸ்சிபிஎம் எழும். அதற்கு முந்தியவற்றில் எழாது. இவையெல்லாம் நான்காம் தலைமுறை தொடங்கி வந்த புரோசசர்களுக்கே. இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு வழி வேறு, அந்த வழியையும் மேக்ஓஎஸ் 13ஆன வென்ச்சுராவில் ஆப்பிள் எடுத்துவிட்டது.

புரோசசரின் மின் மேலாண்மைப் பதிவேட்டைப் பூட்டும் சிஎஃப்ஜி லொக் விடயத்தில் பொறுமை வேண்டும். பயோஸில் அதை நிறுத்தும் தெரிவு இருந்தால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஓப்பன்கோரின் கேர்னல் குவர்க்ஸில் ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலொக் என்ற தெரிவை இயக்கிவிட்டால் போதும். வேறு மாடலுக்கோ வேறு பயோஸ் பதிப்புக்கோ சொல்லப்பட்ட ஓஃப்செட் எண்ணை (மாறிக்குள் இடத்தைக் குறிக்கும் எண்) பார்த்து உங்கள் பயோஸ் மாறியில் எழுதாதீர்கள். ஓர் எண் தவறினால் மதர்போர்ட் எழும்பாது. பயோஸ் சிப்பைப் புரோகிராமரில் வைத்து மீள எழுதுவதுதான் மிஞ்சும்.

அடுத்தது வேக அட்டவணையை மாற்ற உதவும் சிபியுஃபிரெண்ட் என்ற கெக்ஸ்ட் (மேக்ஓஎஸ் நீட்சிக் கோப்பு). நாம் தெரிவு செய்யும் எஸ்எம்பயோஸ் மாதிரிக்கென (லேப்டொப் தன்னை எந்த மேக் என்று காட்டிக்கொள்கிறதோ அதற்கென) ஆப்பிள் எழுதிய வேக அட்டவணையையே மேக்ஓஎஸ் பின்பற்றும். அதில் அடிமட்ட வேகம் பல வேளை 800 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கும். சிபியுஃபிரெண்ட்ஃபிரெண்ட் கருவியில் அடிமட்டத்தை 08 என்று கொடுத்தால் 800க்கு இறங்கும். கூடவே கேட்கும் ஈபிபி, வேகமா சிக்கனமா என்று சொல்லும் மதிப்பு; பதினாறடிமான எண்ணில் 00இலிருந்து எஃப்எஃப் வரை போகும். 00 முழு வேகத்தையும் எஃப்எஃப் முழுச் சிக்கனத்தையும் குறிக்கும். எழுத்து வேலைக்கும் நிரல் எழுதவும் 80க்குச் சற்று மேலே வையுங்கள். வீடியோ தொகுப்பவர்கள் 40ஐ ஒட்டி வைக்கலாம். அதற்குக் கீழே போனால் சூடுதான் கூடுகிறது, எக்ஸ்போர்ட் நேரம் சொல்லும்படி குறைவதில்லை. மற்றவற்றுக்கு அடிப்படையான லைலு, சிபியுஃபிரெண்ட், பிறகு அந்தக் கருவி உருவாக்கித் தரும் டேட்டா புரொவைடர் என்ற வரிசையில் கெக்ஸ்ட்டுகள் ஏற வேண்டும். எஸ்எம்பயோஸை மாற்றினால் டேட்டா புரொவைடரைப் புதிதாக உருவாக்க வேண்டும். பழையதில் இருப்பது முந்திய மாதிரியின் அட்டவணை.

கிராஃபிக்ஸுக்கு ஒரு சோதனை போதும். 'இந்த மேக்கைப் பற்றி' பகுதியில் 8250யூவில் உள்ள கிராஃபிக்ஸான யூஎச்டி 620க்கு 1536 எம்பி என்று காட்ட வேண்டும். 7 எம்பி என்றால் முடுக்கம் இல்லை, திரையில் நகரும் ஒவ்வொன்றையும் புரோசசரே வரைகிறது. அந்த நிலையில் பற்றரியைக் காப்பாற்ற வேறெந்தத் திருத்தத்தாலும் முடியாது. 8250யூவின் யூஎச்டி 620க்கு பிளாட்ஃபார்ம் ஐடி 0000சி087, டிவைஸ் ஐடி 16590000. பயோஸில் டிவிஎம்டி (கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகம்) 32 எம்பியில் பூட்டப்பட்டிருந்தால் ஸ்டோலன்மெம் 00003001, எஃப்பிமெம் 00009000 என்று சேர்த்து, ஃபிரேம்பஃபர் பேட்ச்சை இயக்குங்கள். முடுக்கம் இருந்தும் வேலை நடக்கும்போது கிராஃபிக்ஸ் வேகம் 1100ஐ நெருங்காவிட்டால், பூட் ஆர்கியுமென்ட்டில் (தொடங்கும்போது மேக்ஓஎஸ்ஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) ஐஜிஎஃப்எக்ஸ்ஆர்பிஎஸ்சி=1 சேர்த்துப் பாருங்கள்.

என்விடியா உள்ள லேப்டொப்புகளில் பற்றரியைத் தின்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது சிப்தான். என்விடியாவின் பாஸ்கல் வகைக்கு மேக்ஓஎஸ் ஹைசியராவோடு ட்ரைவர் நின்றுவிட்டது. ட்ரைவர் இல்லாத சிப் தானாக அணையாது. வெக்நோஈஜிபியு என்ற பூட் ஆர்கியுமென்ட் அதை மேக்ஓஎஸ்ஸின் கண்ணிலிருந்து மறைக்கும். கரண்டை எப்போதும் வெட்டிவிடும் என்று நம்ப முடியாது. வெட்டுவதற்கு, அந்தச் சிப்பின் _ஓஎஃப்எஃப் மெதடை அழைக்கும் எஸ்எஸ்டிடி தேவை. சிப்பின் ஏசிபிஐ பாதையை விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில், டீடெய்ல்ஸ் பகுதியில், பயோஸ் டிவைஸ் நேம் என்ற இடத்தில் பார்க்கலாம். சில மாடல்களில் தூங்கி எழுந்ததும் சிப் மறுபடி உயிர்பெறும். அதற்குத் தூங்குமுன் சிப்பை இயக்கி, எழுந்தபின் அணைக்கும்படி பிடிஎஸ், டபிள்யூஏகே மெதட்களையும் மாற்ற வேண்டும். தூங்கி எழுந்த பிறகும் ஒருமுறை வாட் அளந்து பார்த்தால்தான் இது பிடிபடும்.

புரோசசருக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட் கடைசி. வோல்டேஜ்ஷிஃப்ட் கருவியில் −50 மில்லிவோல்ட்டில் தொடங்கி, பத்துப் பத்தாக இறக்குங்கள். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு பல நிறுவனங்கள் பயோஸ் அப்டேட்டில் இதைப் பூட்டிவிட்டன. மதிப்பு மாறாவிட்டால் பூட்டு விழுந்திருக்கிறது, அத்தோடு விட்டுவிடுங்கள். இதற்காகப் பழைய பயோஸுக்கு இறங்கிப் பாதுகாப்பை இழக்க வேண்டாம். மாறினால் அரை மணித்தியால எக்ஸ்போர்ட்டோடு சோதனையை முடிக்கக் கூடாது. வோல்ட்டேஜ் போதாத புரோசசர் பாரம் சுமக்கும்போது தாங்கி, சும்மா இருக்கும்போதோ தூங்கி எழும்போதோ உறைவதுண்டு. சில நாள் பாவித்துப் பார்க்கும் வரை அதைத் தானாக ஏறும்படி வைக்காதீர்கள். உறைந்தால் ஒரு ரீஸ்டார்ட்டோடு பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். வேலை செய்யும் ஈஎஃப்ஐயின் பிரதி ஒன்று பென் ட்ரைவில், பூட் ஆகும் நிலையில் இருக்கட்டும். இத்தனையும் முடிந்து, சும்மா இருக்கும்போது 2 வாட்டுக்குள் வந்தும் சூடு குறையாவிட்டால் லேப்டொப்பைத் திறக்கலாம். கடலோரம் பாவித்தவற்றில் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே உப்பும் தூசியும் சேர்ந்து இறுகியிருக்கும்; வெளியிலிருந்து ஊதினால் போகாது. ஃபேனைக் கழற்றி மென்மையான தூரிகையால் சுத்தம் செய்த பிறகே புதுப் பேஸ்ட் வைக்க வேண்டும்.