கறையற்ற எஃகா, துருவேறா எஃகா?

1972-இல் வந்த ராயல் ஓக் கைக்கடிகாரத்தைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் ‘கறையற்ற எஃகு’ வந்துவிடுகிறது. கறையற்றிருக்க அது என்ன, வேட்பாளரின் கையா?

எஃகு பழைய சொல். சங்கப் பாட்டில் வேலுக்கே அந்தப் பெயர் உண்டு. குறளிலும் (759) ‘செறுநர் செருக்கறுக்கும் எஃகு’ இருக்கிறது. அதில் தகராறு இல்லை. தகராறு ‘ஸ்டெயின்லெஸ்’ஸில்தான்.

ஷெஃபீல்டில் 1913-இல் குரோமியம் கலந்து இந்த எஃகை உருக்கிய ஹாரி பிரியர்லி, அதைத் துருவில்லாத எஃகு என்றே சொன்னார். கத்தித் தொழிலில் இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட்தான் வினிகரில் சோதித்துப் பார்த்துவிட்டு ‘ஸ்டெயின்லெஸ்’ என்றார். கத்தி விற்க வசதியான அந்தப் பெயரை அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர்த்திருக்கிறோம். ஜெர்மனில் ‘ரோஸ்ட்ஃப்ரை’, அதாவது துருவற்றது. பிரெஞ்சில் ‘இனாக்ஸ்’, ஆக்சிஜனேறாதது. ராயல் ஓக்கைச் செய்யும் ஓடமார் பிகே நிறுவனம் இருக்கிற சுவிட்சர்லாந்தின் லெ பிராசுவிலும் பேச்சு பிரெஞ்சுதான். பிரெஞ்சு படித்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்த புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு நாம் ஆங்கிலத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்.

சரி, கறையாவது படியாதா? கடலோரத்து ஸ்டீல் கைப்பிடிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உப்புக்காற்று பட்டு, டீ சிந்தியதுபோலப் பழுப்புத் திட்டுகள். இந்த எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. அது மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகி உள்ளே துரு இறங்காமல் தடுக்கிறது. அடியோடு தடுக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் அதன் வேலை துருவோடுதான், கறையோடு அல்ல. எழுத்தில் துருவேறா எஃகு, பேச்சில் ஸ்டீல். போதும்.

‘எவர்சில்வர்’ பாத்திரக்கடைக்குச் சரி. தங்க வாட்சுகளையே விஞ்சும் விலை வைத்த ஸ்டீல் வாட்சுக்கு அது கொஞ்சம் குறும்பான பெயர். வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்த ராயல் ஓக்கின் எண்கோண விளிம்பில் தெரியும் எட்டு அறுகோணத் திருகுகள் மட்டும் வெள்ளைத் தங்கம்!

ஆங்கிலத்தில் ‘பெசல்’ எனப்படும் அந்த விளிம்பையும் விட்டுவைக்கவில்லை, ‘உளிச்சாயுமுகம்’ என்கிறார்கள். வாட்சின் உடலோடு இழைந்து இறங்கும் செயின், அதாவது ‘இன்டெக்ரேட்டட் பிரேஸ்லெட்’, ‘ஒருங்கிணைந்த வளையல்’ ஆகிவிட்டது. நேரு வீதியில் ஒரு வாட்ச் கடைக்குப் போய் “வளையல் லூஸாயிடுச்சு” என்று சொல்லிப் பாருங்கள், ஃபேன்சி ஸ்டோருக்குத்தான் வழிகாட்டுவார்கள்.