தேதியையும் குறுஞ்செய்தியையும் வெளியிலிருந்து கொடுங்கள்

மண்டபம், பாம்பன் பகுதி மீன் கம்பெனிகளுக்கும் படகு உரிமையாளர்களுக்கும் பைத்தானில் இணையச் செயலி எழுதித் தருபவர்களின் நிரல்களைப் பரிசீலிக்கும்போது, ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷனே தரவுத்தளத்தைத் திறக்கிறது, இன்றைய தேதியைக் கேட்கிறது, குறுஞ்செய்தியும் அனுப்புகிறது. செயலி ஓடுவதால் யாரும் குறை சொல்வதில்லை. அதைச் சோதிக்க முற்படும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

தேதியை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு, நாட்டுப்படகுகளுக்கு இல்லை. கடலுக்குச் செல்வதற்கான டோக்கனைப் பதியும் ஃபங்ஷன் கணினிக் கடிகாரத்தை நேரடியாகப் பார்த்தால், பிப்ரவரியில் தேறிய சோதனை ஒரு வரியும் மாறாத நிலையில் ஏப்ரல் 15 அன்று தோற்கும். அதைவிட மோசமானது, சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி எனும், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் ஓடுவதால் வருவது: தடை முடிந்த ஜூன் 15 அன்று நம் கரையில் காலை ஐந்து மணி ஆகும்போது, அந்தச் சர்வருக்கு இன்னும் ஜூன் 14 இரவு 11.30தான். படகுகள் புறப்படத் தயாராக நிற்கும் வேளையில் செயலி டோக்கனை மறுக்கும்.

தேதியைத் தனி ஃபங்ஷனாக எழுதி, இந்திய நேரத்தை அதற்குள் குறிப்பிட்டு, பைத்தான் இணையக் கட்டமைப்பான ஃபாஸ்ட்ஏபிஐயில், தேவையானதை வெளியிலிருந்து தரும் ‘டிபெண்ட்ஸ்’ வழியாகக் கேட்டு வாங்கினால் இது தீரும். சோதனையின்போது ‘டிபென்டன்சி ஓவர்ரைட்ஸ்’ அகராதியில் அந்த ஃபங்ஷனுக்குப் பதிலாக, நாம் விரும்பும் தேதியைத் தரும் வேறொன்றை வைக்கலாம். ஏப்ரல் 14, ஜூன் 15 ஆகிய விளிம்பு நாட்களை எந்த மாதத்திலும் சரிபார்த்துவிடலாம்.

குறுஞ்செய்தியில் ஆபத்து இன்னும் பெரிது. அனுப்பும் சேவை ஃபங்ஷனுக்குள்ளேயே உருவாக்கப்பட்டிருந்தால், மடிக்கணினியில் ஓட்டும் சோதனையே “பலத்த காற்று, கடலுக்குச் செல்ல வேண்டாம்” என்ற செய்தியை உண்மையான மீனவர்களுக்கு அனுப்பிவிடக்கூடும். நம்பித் திரும்பியவருக்கு டீசல் வீண். பொய் என்று அறிந்தவர் அடுத்த உண்மையான எச்சரிக்கையைப் பொருட்படுத்த மாட்டார். சேவையை வெளியிலிருந்து கொடுத்தால், சோதனையில் செய்திகளை ஒரு பட்டியலில் மட்டும் சேர்க்கும் போலிச் சேவையை வைத்துக்கொள்ளலாம்.

தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பான செஷனையும் இப்படியே கொடுக்க வேண்டும். பைத்தானின் தரவுத்தள லைப்ரரியான எஸ்கியூஎல்ஆல்கெமியின் செஷன், பல த்ரெட்டுகள் (இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளத் தக்கதன்று. எனவே அதைச் செயலி முழுவதற்கும் பொதுவாக, குளோபலாக வைக்காமல், கோரிக்கைக்கு ஒன்றாக ‘யீல்டு’ மூலம் கொடுத்து, வேலை முடிந்தபின் மூடுவதே சரி. ஒரே கோரிக்கைக்குள் பல இடங்களில் கேட்டாலும் ஃபாஸ்ட்ஏபிஐ இயல்பாக அதே செஷனையே தரும்.

பைத்தானின் இன்னொரு இணையக் கட்டமைப்பான ஜாங்கோவில், இப்படி வெளியிலிருந்து கொடுப்பதற்கென உள்ளமைந்த ஏற்பாடு இல்லை; ஃபிளாஸ்க்கிலும் அப்படியே. அதற்காகத் தனி லைப்ரரி தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. விதிகளை, கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷனான வியூவிலிருந்து பிரித்துத் தனி ஃபங்ஷனில் எழுதி, தேதியையும் சேவையையும் ஆர்கியுமென்டாகக் கொடுத்தாலே பெரும்பகுதி பயன் கிடைத்துவிடும்.

‘டிபென்டன்சி ஓவர்ரைட்ஸ்’ அகராதியில் மாற்றி வைத்ததைச் சோதனை முடிந்ததும் அழித்துவிடுங்கள். இல்லையேல் அடுத்த சோதனையும் போலித் தேதியிலேயே ஓடும். நண்டின் எடையை விலையால் பெருக்கும் கணக்குக்கு இவை எதுவும் வேண்டாம். அது சாதாரண ஃபங்ஷனாகவே இருக்கட்டும்.