பொய் என்று தெரிந்தும் உள்ளங்கை ஏன் வியர்க்கிறது?

பேய்க் கதை படித்தால் தனக்கு நெஞ்சு படபடப்பதாகவும், தம்பி அதே கதையைப் படித்துவிட்டுக் கொட்டாவி விடுவதாகவும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "கற்பனை என்று இருவருக்கும் தெரியும். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?" என்பது அவர் கேள்வி.

தம்பி துணிச்சல்காரர் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். அவர் மனத்தில் படமே விழாமல் இருக்கலாம்.

கண் அனுப்பும் குறிப்புகள் மூளையின் பின்புறமுள்ள பார்வைப் பகுதிக்குப் போகின்றன, ஆபத்து தெரிந்தால் அமிக்டலா என்ற மூளைப் பகுதி எச்சரிக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. இது பள்ளியில் படித்ததுதான். ஒன்றை மனக்கண்ணில் பார்க்கும்போது, நினைவிலிருந்து கிளம்பும் குறிப்புகள் எதிர்த்திசையில் வந்து அதே பார்வைப் பகுதியைத் தூண்டுகின்றன. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சமான ஒன்றைக் கற்பனை செய்தாலே கண்ணின் பாவை சுருங்கியது!

சிலருக்கு இந்த மனக்காட்சி அறவே கிடையாது. 'அஃபான்டேசியா' என்று இதற்கு 2015இல் பெயரிட்டவர் ஆடம் ஜீமன் என்ற பிரிட்டன் நரம்பியலாளர். இது நோயல்ல, இவர்கள் நன்றாகப் படிப்பார்கள், வேலை பார்ப்பார்கள்.

இவர்களை வைத்து சிட்னியில் ஜோயல் பியர்சன் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் செய்து 2021இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. பயந்தால், நம்மைக் கேட்காமலே இயங்கும் பரிவு நரம்புகள் கையின் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும். ஈரம் நமக்குத் தெரிவதற்கு முன்பே சுரப்பிக் குழாய்களில் உப்புநீர் ஏறிவிடும். தோல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதே என்கிறார்களே, அதே காரணம்தான். மின்முனைகளைப் பொருத்தி, உணர முடியாத அளவு மின்சாரம் செலுத்தினால் பயத்தின் ஏற்ற இறக்கம் கோடாக வந்துவிடும். பயப்படவில்லை என்று வாய் சொல்லலாம், சுரப்பி சொல்லாது.

இருட்டறையில் தனியாக உட்காரவைத்தார்கள். திரையில் வாக்கியங்கள் மட்டும் வந்தன. நீங்கள் கடலில் நீந்துகிறீர்கள். தொலைவில் அலைக்குள் ஏதோ கருநிழல். கரையில் நிற்பவர்கள் கைநீட்டிக் காட்டுகிறார்கள்... மனக்காட்சி உள்ளவர்களின் கோடு வாக்கியத்துக்கு வாக்கியம் ஏறியது. அஃபான்டேசியா உள்ளவர்களின் கோடு ஏறக்குறைய தட்டையாகவே கிடந்தது.

இவர்கள் பிறவியிலேயே பயமற்றவர்களோ? அந்தச் சந்தேகத்தையும் விட்டுவைக்கவில்லை. பல்லைக் காட்டும் பாம்பு, பிணம் போன்ற படங்களைத் திரையில் காட்டினார்கள். இரு குழுவினரின் கோடுகளும் ஒன்றுபோல் ஏறின! பயப்படும் உறுப்புகள் எல்லாம் பழுதில்லாமல் இருக்கின்றன. சொல்லைப் படமாக்கும் கட்டம் மட்டும் இல்லை. பல கோடி ரூபாய் ஸ்கேன் இயந்திரம் இல்லாமலே இவ்வளவு தெளிவான விடை. நம் கல்லூரிகளின் உளவியல் துறைகளுக்கு இப்படிப்பட்ட ஆய்வுகளுக்காகக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன?

எமிலி ஹோம்ஸ், ஆண்ட்ரூ மேத்யூஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2005இல் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள். விரும்பத்தகாத நிகழ்ச்சிகளின் விவரிப்பைச் சிலரிடம் மனத்தில் படமாகப் பார்க்கச் சொன்னார்கள். சிலரிடம் சொற்களின் பொருளை மட்டும் யோசிக்கச் சொன்னார்கள். படமாகப் பார்த்தவர்களுக்கே பதற்றம் கூடியது. "பேய் கிடையாது" என்று மேடையில் வாதிடும் பகுத்தறிவாளர், புளியமரத்தையும் விரித்த கூந்தலையும் வர்ணிக்கும் மந்திரவாதியிடம் தோற்பது இதனால்தான் என்பது என் கருத்து. அவர் வாக்கியம் தருகிறார், இவர் படம் தருகிறார்.

படத்தைக் கலைக்கவும் வழி தேடுகிறார்கள். ஹோம்ஸ் குழுவினரின் 2009 ஆய்வில், கோரக் காட்சிகள் நிறைந்த திரைப்படம் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரை அரை மணி நேரம் கழித்து 'டெட்ரிஸ்' என்ற கணினிக் கட்டை விளையாட்டு ஆடவைத்தார்கள். கட்டைகளைத் திருப்பிப் பொருத்தும் வேலை மனக்காட்சிக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள், விளையாட்டை ஆடியவர்களின் மனத்தில் தாமாக வந்து மோதியது குறைவு. திரைப்படத்தில் என்ன நடந்தது என்று சோதித்தபோதோ, ஆடாதவர்களைப் போலவே எல்லாம் நினைவிருந்தது.