மலைவாழைப்பழத்தைக் குறைக்கச் சொன்னது ஏன்?

தாண்டிக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "அப்பாவுக்குக் கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு கொடுத்தார்கள். தினம் ஒரு மலைவாழைப்பழம் சாப்பிடச் சொன்னார் டாக்டர். போன மாதம் அமிலோரைடு என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துவிட்டு, பழத்தைக் குறையுங்கள் என்கிறார். பழம் குளிர்ச்சி, அதனால்தான் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். அப்படியா?"

இல்லை. குளிர்ச்சி, சூடு என்ற கணக்கால் இதை விளக்கவே முடியாது. விஷயம் பழத்திலுள்ள பொட்டாசியம்.

சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டர் தவிர மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சோடியம் போகும் வழியில் தண்ணீரும் போகும். வடிகட்டிய நீர் ஓடும் சிறுநீரக நுண்குழலில் ஹென்லே வளைவு என்றொரு பகுதி இருக்கிறது. அதன் ஏறுபகுதியில் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று சேர்த்தே ஏற்றிச்செல்லும் புரதம் ஒன்று உண்டு. ஃபுரோசமைடு அதை முடக்குகிறது. உப்பும் தண்ணீரும் வெளியேற, வீக்கம் வடிகிறது. சரி, கூடவே உடலில் பொட்டாசியமும் குறைகிறதே, அது ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த நுண்குழலின் கடைசிப் பகுதியில் உள்ள செல்களில், சோடியத்துக்கென்றே நுண்ணிய துளைகள் இருக்கின்றன. மேலே தப்பித்து வந்த சோடியம் கூட்டமாக அவற்றில் நுழைகிறது. சோடியம் நேர்மின்னூட்டம் கொண்டது. அது செல்லுக்குள் போகப்போக, குழலுக்குள் எதிர்மின் மிஞ்சுகிறது. அந்த இழுப்பில், அதே செல்லின் வேறு துளைகள் வழியாகப் பொட்டாசியம் குழலுக்குள் வந்து, சிறுநீரோடு போய்விடுகிறது. அதை ஈடுகட்டத்தான் அன்று பழம்.

அமிலோரைடும் நேர்மின்னூட்டம் கொண்டதுதான். சோடியத்தைப் போலவே அந்தத் துளைக்குள் நுழையப் பார்க்கிறது. ஆனால் உருவம் பெரிது. உள்ளே போக முடியாமல் வாயிலேயே தக்கை போல அடைத்து நின்றுவிடுகிறது. சோடியம் நுழையாவிட்டால் மின் இழுப்பும் குறைவு. பொட்டாசியம் செல்லிலேயே தங்கிவிடுகிறது. ஒரு மூலக்கூறு இப்படிச் சிக்கிக்கொள்வதே மருந்தாகிவிடுவதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்த நிலையில் பழமும் அதிகமானால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது அது. மிகவும் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தப் பரிசோதனைக்காக ஒரு வயதானவர் வத்தலக்குண்டுவரை மலை இறங்க வேண்டியிருக்கக் கூடாது. மலைக் கிராமச் சுகாதார நிலையங்களிலேயே இந்த வசதி வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம், இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. அப்பா அதைக் குடிப்பவரென்றால் டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.